ஒரு டி.எம்.சி. எத்தனை லிட்டர்? ஆச்சி வீட்டில் நடந்த எண் போட்டியும் அதில் வந்த சண்டையும்

தீபாவளிக்கு மறுநாள் அம்பாசமுத்திரம் பக்கம் ஆச்சி வீட்டில் எல்லாரும் கூடுவோம். முன்னெல்லாம் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் போனை வைத்துக்கொண்டு படுத்துக் கிடப்பது வழக்கம், போன வருஷம் சித்தப்பா அதற்கு ஒரு முடிவு கட்டினார். அவர் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார், சும்மா இருக்கத் தெரியாதவர். ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டார், எல்லார் கையிலும் துண்டுக் காகிதம் கொடுத்தார். விடை எல்லாமே எண்தான், யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்கக் கூடாது, யார் நெருக்கமாக எழுதுகிறாரோ அவருக்கு ஒரு பாயின்ட். போன் எல்லாம் அரிசிப் பானைக்குள் போய்விட்டது.

முதல் கேள்வி திருக்குறளில் மொத்தம் எத்தனை சீர்கள். அத்தான் பேங்கில் வேலை பார்க்கிறவர், ரொம்ப யோசித்து 13,300 என்று எழுதினார். நான் 12,000. எட்டாம் கிளாஸ் படிக்கிற அக்கா மகள் 9,310 என்று எழுதியிருந்தாள், அதுதான் சரி. முதல் அடியில் நாலு, இரண்டாவது அடியில் மூணு, ஆக ஏழு, 1,330 குறளுக்கும் பெருக்கினால் வந்துவிடும். நான் லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன் என்பதை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டுமா தெரியவில்லை.

அப்புறம் ஊட்டி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை எத்தனை பாலங்கள்? மதினி அந்த மே மாசம்தான் போய்விட்டு வந்திருந்தாள், ரொம்ப தைரியமாக 30 என்று போட்டாள். நான் 60. விடை 250. நாற்பத்தாறு கிலோமீட்டருக்கு 250 பாலம் என்றால் சராசரியாக இருநூறு மீட்டருக்குள் ஒரு பாலம் வந்துகொண்டே இருக்கிறது. "நான் பாலத்தையா பாத்தேன், ஜன்னல்ல குரங்கு வருதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். குகை எத்தனை என்று கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாளாம். பதினாறு. அதையும் சித்தப்பா சொன்ன பிறகுதான் சொன்னாள்.

ஆச்சி அதுவரை விளையாட்டில் சேரவே இல்லை, வெற்றிலைப் பெட்டியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மணிமுத்தாறு அணையின் முழுக் கொள்ளளவுக்கு நீர்மட்டம் எத்தனை அடி என்று சித்தப்பா கேட்டதும், காகிதம் கூட வாங்காமல், "118. பாபநாசம் 143. இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றாள். தினமும் பேப்பரில் அணை நீர்மட்டத்தை மட்டும் கண்ணாடி போட்டுப் படிக்கிற ஆளிடம் அதைக் கேட்டது சித்தப்பாவின் தப்பு. தெரிந்த விடைக்குப் பாயின்ட் கிடையாது என்று அத்தான் சட்டம் பேசினார். வயசானவளிடம் சட்டம் பேசினால் எடுபடுமா, பாயின்ட் கொடுத்தாயிற்று.

இப்போதுதான் சண்டைக்கு வருகிறேன். அணைப் பேச்சு வந்ததும் சித்தப்பா அடுத்ததாக, ஒரு டி.எம்.சி. தண்ணீர் எத்தனை லிட்டர் என்று கேட்டார். தினமும் டிவியில் கேட்கிற வார்த்தை, ஒருத்தருக்கும் தெரியவில்லை. அக்கா 50 லட்சம் லிட்டர் என்று எழுதினாள். அத்தான் 100 கோடி. நான் 6,000 கோடி. சித்தப்பா விளக்கினார்: டி.எம்.சி. என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது நூறு கோடி கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம். ஆக சுமார் 2,831 கோடி லிட்டர்.

எனக்குச் சந்தோஷம். ஆனால் சித்தப்பா கழித்துப் பார்த்தார். என் விடைக்கும் சரியான விடைக்கும் வித்தியாசம் 3,169 கோடி. அக்காவுக்கு 2,830 கோடி சொச்சம். அப்படியானால் நான் அக்காவை விடத் தூரம்! நூறு கோடி எழுதிய அத்தானுக்குப் பாயின்ட், 50 லட்சம் எழுதிய அக்கா இரண்டாவது, நான் கடைசி. இது நியாயமா? நான் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கூட எழுதினேன், அவ்வளவுதான். அக்கா எழுதியது 5,600 மடங்குக்கும் மேலே குறைவு. 50 லட்சம் லிட்டர் என்றால் ஐந்நூறு தண்ணி லாரிதான் வரும், அதை வைத்துக்கொண்டா இரண்டு மாநிலம் சண்டை போடும்? வெறும் சைபர் எழுதிக் கொடுத்திருந்தாலும் என்னை ஜெயித்திருக்கலாம் என்று நான் கத்த, "ஏல, பத்து ரூவாய்க்கு இந்தச் சத்தமா" என்று ஆச்சி அதட்ட, அரை மணி நேரம் ஓடிவிட்டது. கடைசியில் சித்தப்பாவே ஒத்துக்கொண்டார், பெரிய எண்ணில் கழிக்கக் கூடாது, எத்தனை மடங்கு தள்ளி என்றுதான் பார்க்க வேண்டும் என்று. ஆனால் அந்த விதி அடுத்த வருஷத்திலிருந்தாம். கொடுத்த பாயின்ட்டைத் திருப்பி வாங்க முடியாதாம்.

ஒரு டீஸ்பூனில் எத்தனை கடுகு என்ற கேள்விக்கு விடையே தெரியாமல் போனது தனிக்கதை. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் பேப்பரை விரித்து, பத்துப் பத்தாகப் பிரித்து, எழுநூறு தாண்டி எண்ணிக்கொண்டிருந்தபோது, வெளியே போயிருந்த மாமா வந்து, "என்ன புழுக்கமா இருக்கு" என்று ஃபேனைப் போட்டார். மூன்று நாள் கழித்தும் கூடத்தில் காலில் கடுகு குத்தியது.

இப்படி யூகிக்கிற போட்டி வேறு யார் வீட்டிலாவது, ஆபீஸிலாவது நடந்திருக்கிறதா? எப்படிப் பாயின்ட் போட்டீர்கள் என்று சொன்னால் அக்காவிடம் காட்டுவேன்.

* * *

ஆபீஸ் கதை சொல்கிறேன், சென்னை. எங்கள் டீமில் பதினாலு பேர். ஒரு வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் ஒரு பாட்டில் நிறையத் தேன் மிட்டாய் வைத்து எத்தனை என்று கேட்டோம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் சொதப்பல், 150 என்கிறார் ஒருவர், 600 என்கிறார் இன்னொருவர். எல்லார் விடையையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் எது வருகிறது என்று பார்த்தால் 300க்குப் பக்கம். எண்ணிப் பார்த்தோம், 312!

இது புதுசு இல்லை. 1906இல் இங்கிலாந்தில் பிளிமத் கால்நடைக் கண்காட்சியில், ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தால் எத்தனை பவுண்டு இறைச்சி தேறும் என்று போட்டி வைத்தார்கள். டார்வினுக்கு உறவுக்காரரான பிரான்சிஸ் கால்டன் அந்தச் சீட்டுகளை எல்லாம் வாங்கி, ஒழுங்காக இருந்த 787ஐ வரிசைப்படுத்திப் பார்த்தார். நடுவில் நின்ற விடை 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. கூட்டத்தின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்கத்தான் அவர் இதில் இறங்கினார், எதிர்பார்த்ததை விட நன்றாகவே இருந்தது என்று எழுதினார்.

ஒன்று கவனிக்கணும். சராசரி எடுக்காதீர்கள். எங்கள் ஆபீஸில் அடுத்த வாரம் ஒரு புண்ணியவான் வேண்டுமென்றே பத்து லட்சம் என்று எழுதினான், சராசரி மொத்தமும் அவன் பின்னால் ஓடிவிட்டது. நடு விடை அசையவே இல்லை.

அக்காவிடம் காட்டுங்கள், மடங்குக் கணக்குதான் சரி. நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

* * *

நான் வவுனியாவில இருந்து. எங்கட பெடியள் கரண்ட் இல்லாத இரவுகளில கடை வாசலில இருந்து இப்பிடித்தான் விளையாடுவம், ஆனா முழுக்கக் கிரிக்கெட். ஒருநாள் ஒருத்தன் கேட்டான், முரளி டெஸ்டில மொத்தம் எத்தனை பந்து போட்டிருப்பார்? ஒருத்தன் பத்தாயிரம் என்றான், இன்னொருத்தன் இரண்டு லட்சம் என்றான். பக்கத்தில சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த அண்ணை, எங்களோட விளையாட்டுக்கே வாறதில்லை, தலையை நிமிர்த்தாமலே, "விக்கெட் எண்ணூறு. ஒரு விக்கெட்டுக்கு ஒன்பது ஓவர் எண்டு வை, அம்பத்து நாலு பந்து. நாப்பத்து மூவாயிரத்துச் சொச்சம் வரும்" என்றார்.

பிறகு பார்த்தம், 44,039. எங்களுக்கு வாய் அடைச்சுப் போச்சு. அதில அந்தக் கடைசிப் பந்து இருக்கே, 2010இல காலியில, அதுதான் எண்ணூறாவது விக்கெட். கேக்கிறதுக்கு இதைவிட நல்ல எண் கிடைக்குமோ தெரியாது.

அண்ணையிட்டக் கேட்டன், ஒன்பது ஓவர் எண்டு எப்பிடித் தெரியும் எண்டு. "ரேடியோவில இவ்வளவு காலம் கேட்டன், எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா சத்தம் வரும் எண்டு தெரியாதே" என்றார்.

* * *

மேலே முரளி என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. அவர் ஆடிய டெஸ்ட் 133. குறளில் அதிகாரம் 133. கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அடி, பீடம் 38, சிலை 95. சிலைக்கும் குறளுக்கும் பொருத்திக் கட்டினார்கள், முரளிக்கு யார் பொருத்தினார்கள்?

* * *

கொல்லிமலைக்கு எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று எங்கள் குடும்பத்தில் கேட்டால் என் மனைவி 23 என்பாள். அதற்கு மேல் அவளுக்கு எண்ணுகிற நிலைமை இல்லை, தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். மொத்தம் 70.

* * *

நான் திருச்சி. கேள்வி கேட்கிறவருக்கே விடை உறுதியாகத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவம். அபார்ட்மென்ட் பொங்கல் விழாவில் மலைக்கோட்டைக்கு எத்தனை படி என்று கேட்டேன். போனில் பார்த்து வைத்திருந்த எண்ணை விடையாகச் சொன்னேன். ஒருவர் எழுந்து, தான் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், அது தப்பு என்றார். இன்னொருவர் போனில் வேறு எண். மூன்றாவது ஆள் இன்னொரு எண். பொங்கல் ஆறிப்போனது.

மறுநாள் காலை ஆறு பேர் கிளம்பிப் போய் எண்ணினோம். ஏறும்போது வந்த எண் இறங்கும்போது வரவில்லை. கீழே கடை வாசலில் இருக்கிற இரண்டு படியைச் சேர்ப்பதா, தாயுமானவர் சந்நிதிக்குப் பிரிகிற படியைச் சேர்ப்பதா, நடுவில் கால் நீட்டி உட்காருகிற அளவுக்கு அகலமாக இருக்கிறதே அது படியா தரையா என்று ஒவ்வொரு இடத்திலும் வாக்குவாதம். உச்சிப் பிள்ளையாரிடமே விட்டுவிட்டு இறங்கினோம். அன்றிலிருந்து எண்ணிப் பார்க்கிற மாதிரியான கேள்வியே நான் கேட்பதில்லை.

* * *

கேள்வி போட்டவன்தான் திரும்ப வந்திருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி. அக்காவிடம் காட்டினேன், "ஊர் பேர் தெரியாதவங்க சொன்னா நான் ஏன் கேக்கணும்" என்று போய்விட்டாள். வவுனியா அண்ணை கதையைச் சித்தப்பா இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

இந்த வருஷப் போட்டி முடிந்தது. அந்த அண்ணையின் கணக்கு மாதிரியே ஒன்று சித்தப்பா வைத்தார்: ஆச்சி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எத்தனை இட்லி அவித்திருப்பாள்? பெரும்பாலும் ஐம்பதாயிரம் என்று எழுதினோம். ஒரு பொடியன் ஒரு கோடி. சித்தப்பா ஆச்சியிடமே விசாரித்து விசாரித்துக் கணக்குப் போட்டார். வாரத்துக்கு நாலு நாள், ஒரு நாளைக்கு முப்பது இட்லி, வருஷத்துக்கு 6,240. ஐம்பத்தைந்து வருஷம். 3,43,200. கூடம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. ஆச்சிதான் பேசினாள்: "அதுல எத்தன இட்லிக்குச் சட்னி சரியில்லன்னு சொன்னிய, அந்தக் கணக்கையும் போடுல."

கடைசிக் கேள்வியை நான் கேட்கிறேன் என்று ஆச்சியே சொன்னாள். இந்த வீட்டு மாடிப்படி எத்தனை? அதே படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவன் நான், தெரியவில்லை. அத்தான் 14, மதினி 22, நான் 16. ஆச்சி 19 என்றாள். முட்டி வலியால் அவள் மாடி ஏறியே நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு ஏறுவாளாம்.

அக்கா மகள் ஓடிப்போய் எண்ணிவிட்டு மேலே இருந்தே "பதினெட்டு!" என்று கத்தினாள். நடுவில் படி திரும்புகிற இடத்தில் ஒரு திட்டு இருக்கிறது, அதைச் சேர்த்தாயா என்று கேட்டாள் ஆச்சி. அது படியே இல்லை என்கிறார் அத்தான். திருச்சிக்காரர் என்ன சொல்கிறீர்கள்?