மறு: ஏர்ஷெட் - காற்றுப்பிடிப்புப் பகுதியா, காற்றுப்படுகையா?

> நீர்ப்பிடிப்புப் பகுதி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் ஏர்ஷெட்டுக்குக் 'காற்றுப்பிடிப்புப் பகுதி' எனலாம்.

ஏர்ஷெட் (airshed) என்பது ஒரே காற்று தேங்கிக் கலக்கும் நிலப்பரப்பு. நல்லவேளை, 'ஷெட்'டைப் பார்த்து யாரும் 'காற்றுக் கொட்டகை' என்று சொல்லவில்லை! ஆனாலும் 'பிடிப்பு' ஒட்டவில்லை. நீர்ப்பிடிப்பில் விழும் மழை ஒரே வடிகால் வாய்க்குப் போய்ச் சேரும். மேட்டைப் பார்த்து எல்லை போட்டுவிடலாம். காற்றுக்கு அப்படி ஒரு வாய் கிடையாது. அது தேங்கிக் கலக்கும் பரப்பைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

சிந்து-கங்கைச் சமவெளியைப் பாருங்கள். வடக்கே இமயம், தெற்கே மேட்டுநிலம். அக்டோபர் கடைசியில் பஞ்சாபில் எரிக்கும் நெல்தாளின் புகையை வடமேற்குக் காற்று டெல்லிக்குத் தள்ளும். (நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் அங்கே நடவைத் தள்ளிப்போட்டது, அறுவடையும் தள்ளிப்போய், எரிப்பு காற்று மந்தமான நாள்களில் வந்து விழுந்தது.) இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்க, மேலே வெப்பக் காற்று மூடிபோல உட்காரும். கோடைப் பகலில் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் எழுந்து கலக்கும் புகை, குளிர்கால இரவில் சில நூறு மீட்டருக்குள் அடைபடும்.

வழியில் புதிதாகவும் மாசுத் துகள் பிறக்கும். வண்டிப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடு நைட்ரிக் அமிலமாகி, யூரியா இட்ட வயலிலும் சாணத்திலும் கிளம்பும் அம்மோனியாவுடன் சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் துகளாகும். எந்தப் புகைபோக்கியில் கருவி வைத்தாலும் இது சிக்காது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. மழை இல்லாவிட்டால் நாள்கணக்கில் மிதக்கும். டெல்லி மட்டும் வண்டிகளை நிறுத்திப் பயனில்லை என்பதால்தான் சுற்று மாநிலங்களையும் சேர்த்து 2021இல் காற்றுத் தர மேலாண்மை ஆணையச் சட்டம் வந்தது.

என் பரிந்துரை: காற்றுப்படுகை.

---

> என் பரிந்துரை: காற்றுப்படுகை.

படுகை சரி, காற்றுதான் உதைக்கிறது. அச்சில் ஒரு 'க்' கூடினால் காற்றுப்படுக்கை. படுக்கைப்புண் வராமலிருக்க நோயாளிக்குப் போடுவது! 'வளிப்படுகை' என்போம். வளிமண்டலம் பள்ளிப் பாடத்திலேயே உண்டு.

படுகை என்றதும் நிலையான எல்லை மனதில் வரும், அதுதான் இடறல். சென்னையில் மலைச்சுவர் இல்லை. கோடையில் விடிகாலை நிலக்காற்று புகையைக் கடலுக்குக் கொண்டுபோகும். பிற்பகல் கடற்காற்று அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவரும். எனவே விளக்கத்தில் 'பருவத்துக்கும் காற்றின் திசைக்கும் ஏற்ப எல்லை மாறும்' என்று சேர்த்தாக வேண்டும்.

கலிபோர்னியா தன் நிலத்தை 15 'ஏர் பேசின்'களாகப் பிரித்திருக்கிறது. அது வரைபடத்தில் கோடு போட்ட நிர்வாகப் பிரிவு. அதற்கு 'வளிப்படுகை வட்டம்' என்று வைத்தால் இரண்டும் குழம்பாது.