இழைக்கு ‘இசட் எச்’ போடுவதா, ‘எல்’ போடுவதா?

நெய்தலான்:
நம் ‘இழை’ நூலகத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்ற பேச்சில், நேற்று அரட்டைக் குழுவில் ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார்: “ழ-வுக்கு இசட் எச் போடுவது வீண் பிடிவாதம், எல் போட்டு முடித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.” படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எட்டு மாதம் நான்கு பேர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதிய பைத்தான் நூலகம் இது, அதாவது பைத்தான் நிரல்மொழியில் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்துகிற நிரல் தொகுப்பு. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுப்பதுதான் இதன் வேலை. ‘இழை’ என்ற சொல்லைப் பைத்தானில் நீளத்தை எண்ணிச் சொல்கிற லென்னுக்குள் கொடுத்துப் பாருங்கள், 3 என்று வரும். இ ஒன்று, ழ ஒன்று, ஐகாரக் குறி ஒன்று என்று, கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு தரத்தின் குறிகளை எண்ணுகிறது. நம் நூலகம் 2 என்று சரியாகச் சொல்லும். அதனால்தான் அந்தச் சொல்லையே பெயராக வைத்தோம், எல்லாரும் ஒத்துக்கொண்டோம். பைத்தான் நூலகங்களை எல்லாரும் எடுத்து நிறுவுகிற பொதுக் கிடங்கான பைபிஐ-யில் ஏற்ற வேண்டுமென்றால் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். எல் போட்டால் அது இலை. மரத்தில் தொங்குகிற இலை. எழுத்தை ஒழுங்காக எண்ணுவதற்கு ஒரு நூலகம் எழுதிவிட்டு அதன் பெயரிலேயே ஒரு எழுத்தைக் கொல்வதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

வடமராட்சியான்:
எழுதியது நான்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. இசட் எச்சைக் கண்ட வெளிநாட்டுக்காரன் அதை ழ என்று வாசிக்கப் போவதில்லை. சீனப் பெயர்களில் வருகிற இசட் எச் வேறு ஒலி, ரஷ்யப் பெயர்களில் வருவது இன்னொரு ஒலி. நாங்கள் ஈழம் என்பதைக் காலங்காலமாக எல் போட்டுத்தான் எழுதுகிறோம், ஒருவருக்கும் விளங்காமல் போகவில்லை. தமிழ் என்ற சொல்லுக்கே எல்தான். உங்கள் மாநிலத்தின் பெயரிலேயே எல் இருக்கிறது. அங்கே எந்த எழுத்தும் சாகவில்லையா?

நெய்தலான்:
தமிழுக்கு எல் போட்டது நாமா? வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதினான், அது நிலைத்துவிட்டது. நாமாக எழுதியதைப் பாருங்கள். திராவிட முன்னேற்றக் கழகத்தில் கழகத்துக்கு இசட் எச். கோழிக்கோட்டுக்கு இசட் எச், ஆலப்புழைக்கு இசட் எச், மலையாளி கூச்சமே படாமல் எழுதுகிறான். தமிழில் நிரல் எழுத வந்த எழில் மொழிக்கு இசட் எச். நம் துறையிலேயே முன்மாதிரி இருக்கும்போது இலை எதற்கு?

வடமராட்சியான்:
எழிலை எழுதியவரின் கை பட்டதுதான் ஓப்பன்-தமிழ் நூலகமும். அதை நிரலுக்குள் அழைத்துக்கொள்ளும்போது, அதாவது இறக்குமதி செய்யும்போது, தமிழ் என்பதை எல் போட்டுத்தான் கொடுக்கிறீர்கள். அதை ஏன் விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள்?

நூற்கண்டு:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒலியை எழுதப் போகிறோமா, எழுத்தை எழுதப் போகிறோமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எழுத்துக்கு எழுத்து என்றால், இந்திய எழுத்துகளை ரோமன் எழுத்தில் எழுதுவதற்கான ஐஎஸ்ஓ 15919 தரம் இருக்கிறது. அதில் ழ என்பது எல்லுக்குக் கீழே ஒரு கோடு, ஆனால் பைபிஐ அந்தக் கோட்டை ஏற்காது. இன்னொன்று, நிறுவுகிற பெயரும் இறக்குமதி செய்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. படங்களைக் கையாளுகிற பில்லோ நூலகத்தை நிறுவிவிட்டு பிஐஎல் என்று இறக்குமதி செய்கிறோம். வலைப்பக்கங்களைப் பிரித்துப் படிக்கிற பியூட்டிஃபுல்சூப்4 நிறுவினால் பிஎஸ்4. பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுக்கலாம், ‘இழை’ என்றே இறக்குமதி செய்யலாம். பைபிஐ-யில் மட்டும் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டால் போகிறது.

நெய்தலான்:
‘ஏதாவது ஒன்று’ என்று சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறோம். அந்த ஏதாவது ஒன்று இலையாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது.

கொங்குத்தம்பி:
அண்ணே, தப்பாக நினைக்க வேண்டாம். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு மாற்றி அரசாணை வெளியிட்டது நினைவிருக்கும். எங்கள் கோயம்புத்தூருக்குப் போட்ட எழுத்துகளைப் பார்த்து எங்கள் வீட்டிலேயே யாருக்கும் வாய்க்குள் நுழையவில்லை. சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உச்சரிப்புக்கு ஏற்ப எழுதுகிறேன் என்று ஆரம்பித்தால் இதுதான் கதி. எல் போட்டுவிடலாம். அப்புறம், சார்பெழுத்துச் சோதனையில் நான் அனுப்பிய திருத்தம் ஐந்து வாரமாக அப்படியே கிடக்கிறது. பெயருக்குக் கிடைக்கிற நேரத்தில் பத்து நிமிடம் அதற்குக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நெய்தலான்:
தம்பி, உங்கள் திருத்தம் கிடப்பதற்குக் காரணம் நான் இல்லை. ‘கொ’-வில் வருகிற ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறி போட்டுத் துணைக்கால் சேர்த்து இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது வகையைக் கொடுத்தால் உங்கள் நிரல் துணைக்காலைத் தனி எழுத்தாக எண்ணுகிறது. அதை அங்கேயே எழுதியிருக்கிறேன், நீங்கள் பதில் போடவில்லை. 1,018 ஊரும் நம் நூலகமும் ஒன்றா? அது நூறு வருடம் புழங்கிய பெயர்களை மாற்றப் போனது. நாம் புதிதாகப் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம். பிறக்கும்போதே இலை என்று ஏன் வைக்க வேண்டும்?

கொங்குத்தம்பி:
பதில் போட்டேன். பத்தாம் தேதியே போட்டேன். நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வடமராட்சியான்:
யூனிகோடில் ழ-வுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ல-வுக்கு ஒரு எல், ள-வுக்கு இரண்டு எல், ழ-வுக்கு மூன்று எல், பின்னால் ஒரு ஏ. இசட்டும் இல்லை, எச்சும் இல்லை. நம் நூலகம் யூனிகோடை நம்பித்தானே ஓடுகிறது?

நெய்தலான்:
நல்லது, அப்படியானால் மூன்று எல் போட்டு எழுதுங்கள் பார்ப்போம். மூன்றும் வேறு வேறு எழுத்து என்று யூனிகோடுக்கே தெரிந்திருக்கிறது, அதனால்தான் மூன்று விதமாக எழுதுகிறது. நீங்கள் மூன்றையும் ஒரே எல்லுக்குள் திணிக்கிறீர்கள். அதைவிட, யாழ் என்பதை ஆர் எல் போட்டு எழுதுவதும் உங்கள் ஊர் வழக்கம்தானே? வெறும் எல் போதுமென்றால் அந்த ஆர் எங்கிருந்து வந்தது?

வடமராட்சியான்:
அந்த ஆரைப் போடாத ஆள் நான். ஊரில் நாலு பேர் எழுதுகிறதற்கெல்லாம் என்னிடம் கணக்குக் கேட்கக் கூடாது. எங்களுக்குத் தமிழ் எழுதச் சொல்லித் தருகிற இந்தப் பழக்கத்தை முதலில் விடுங்கள். உங்கள் ஆட்கள் வாழைப்பழத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெருவில் இறங்கிக் கேட்டுப் பாருங்கள். வாயில் வராத எழுத்துக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

வைகைக்கரை:
மதுரைப் பக்கம் வாளப்பளம் என்போம், சென்னையில் வாயப்பயம் என்பார்கள். அதற்காக எழுதும்போது யாராவது ள போட்டு எழுதுகிறோமா? பேச்சு வேறு, எழுத்து வேறு. யாழ்ப்பாணத்தில் மட்டும் எல்லார் வாயிலும் ழ சுத்தமாக வருகிறதாக்கும்?

வடமராட்சியான்:
நான் அப்படி எங்கே சொன்னேன்? மேலே போய் ஒழுங்காக வாசித்துவிட்டு வாருங்கள்.

பூட்டுச்சாவி:
சண்டைக்கு நடுவில் ஒரு காரியம் சொல்கிறேன். எந்த எழுத்தை வைத்தாலும் பாதிப் பேர் மற்றதைத்தான் தட்டச்சு செய்வார்கள். காலியாகக் கிடக்கிற அந்தப் பெயரில் வேறொருவன் கெட்ட நிரலை ஏற்றி வைத்தால், நம்மை நம்பி நிறுவுகிற ஆளின் கணினிக்குள் அது போய்விடும். இது பைபிஐ-யில் பல தடவை நடந்த சங்கதி. இரண்டு பெயரையும் நாமே எடுத்துக்கொள்வோம், ஒன்று மற்றதை இழுத்து நிறுவட்டும். பெயரில் ஐ, எல், ஒன்று என்ற எண் மூன்றையும் ஒரே உருவாக வைத்துத்தான் பைபிஐ ஒப்பிட்டுப் பார்க்கும். ஏற்கெனவே இருக்கிற பெயருக்கு மிக நெருங்கி வந்தால் ஏற்க மறுத்துவிடும். எல் போட்ட பெயரில் ஐ இரண்டு, எல் ஒன்று, நாலு எழுத்தில் மூன்று அப்படி. அது கிடைக்குமா என்பதே சந்தேகம், இன்றைக்கே முயன்று பார்த்துவிட வேண்டும்.

நெய்தலான்:
பார்த்தீர்களா, பைபிஐ-க்கே அந்தப் பெயர் தெளிவாக இல்லை! இரண்டையும் எடுக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல் போட்டது நான்கு எழுத்து, தட்டுவதற்குச் சுலபம், ஆறு மாதத்தில் எல்லாரும் அதையே புழங்குவார்கள், நம்முடையது ஆவணத்தில் மட்டும் கிடக்கும்.

பூட்டுச்சாவி:
அண்ணே, நான் தெளிவைப் பற்றிப் பேசவில்லை, திருட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

நூற்கண்டு:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஒலியா, எழுத்தா?

வைகைக்கரை:
பேசாமல் ஒன்றை வைத்து வெளியிடுவோம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஃபயர்ஃபாக்ஸ் 2002-இல் ஃபீனிக்ஸ், 2003-இல் ஃபயர்பேர்ட், 2004-இல்தான் இப்போதைய பெயர். குடி முழுகிப் போகவில்லை.

நெய்தலான்:
அது உலாவி. பெயர் மாறினால் ஐகானைப் பார்த்து அழுத்திவிட்டுப் போவான். நூலகத்தின் பெயர் மாறினால் அதை நம்பி எழுதிய ஒவ்வொரு நிரலிலும் முதல் வரி உடையும். பழைய நிரல்கள் உடையக் கூடாது என்றுதான் பில்லோ இன்றைக்கும் தன் முன்னோடி நூலகமான பிஐஎல்லின் பெயரைச் சுமக்கிறது. முதல் நாளே சரியாக வைக்க வேண்டும். இழைக்கு இசட் எச். இன்று இரவு பைபிஐ-யில் பதிகிறேன்.

வடமராட்சியான்:
நிரலை வைத்திருக்கிற களஞ்சியத்தின் சாவி உங்களிடம் மட்டுமா இருக்கிறது? நான்கு பேரில் நானும் ஒருவன். நீங்கள் பதிந்தால் நான் நிரலைப் படியெடுத்து எல் போட்டுத் தனிக் கிளையாகப் பிரித்துக்கொண்டு போகிறேன்.

நெய்தலான்:
தாராளமாகப் போங்கள். உங்கள் இலை எத்தனை எழுத்து என்று எங்கள் இழையில் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கொங்குத்தம்பி:
நெய்தலான் அண்ணே, திருத்தத்தை இப்போதாவது திறந்து பார்த்தீர்களா?