சில்வர் ஓக் மரம் ஏற பெல்ட், கயிறு எங்கே கிடைக்கும்?

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களை மழைக்கு முன் கவாத்து செய்யணும், எல்லாம் 60, 70 அடி சில்வர் ஓக். ஏறுகிற அண்ணன் இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல், மூங்கில் ஏணியை விட்டு மேலே போய், ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வெட்டுகிறார், பார்க்கவே பயமாக இருக்கிறது.

தென்னை ஏறும் கருவி உதவாது, மரமெல்லாம் மிளகுக்கொடி. காலில் கட்டும் இரும்பு முள்ளும் வேண்டாம், பட்டையைக் குத்திவிடும். கட்டட வேலை பெல்ட்டில் கொக்கி முதுகுப் பக்கம் இருக்கிறது, அதில் தொங்கியபடி வேலை செய்ய முடியாது. உட்கார்ந்து வெட்டத் தோதான ஹார்னஸ், அரிவாள் பட்டால் சட்டென்று அறுபடாத, உள்ளே கம்பி ஓடும் இடுப்புக் கயிறு, அப்புறம் ஹெல்மெட், இதெல்லாம் சேலம், கோவை பக்கம் எங்கே கிடைக்கும்? கயிற்றில் ஏறச் சொல்லித்தர ஆள் இருந்தாலும் சொல்லுங்கள்.