பி.எட். சேரும் முன் எப்படித் தயாராவது? கோலமும் கதையும் உதவுமா?

கணித மாணவி, திண்டுக்கல்

பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆசிரியர் ஆக வேண்டும் என்று ஆசை. அப்பா இப்போதே டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பயிற்சி மையத்தில் சேரச் சொல்கிறார். ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பத்தே நிமிடத்தில் திணறிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒன்றை அவனுக்குப் புரியவைக்கத் தெரியவில்லை. சனி, ஞாயிறு மட்டும் நேரம் இருக்கிறது. கோலம் போடுவேன், கதைகள் படிப்பேன். இவை உதவுமா? எங்கே போய்ப் பழகுவது?

முன்னாள் தன்னார்வலர், விழுப்புரம்

தங்கையே, நீ திணறியதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சிதான். அந்தத் திணறல் எனக்கு நேர்ந்தது 2021 இறுதியில். கொரோனாவுக்குப் பிறகு, பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் தெருவிலேயே தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தரும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாலையில் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பதினெட்டுப் பிள்ளைகள். ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். நான் அங்கே கற்றதற்கு விலை கிடையாது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதினாள். தப்பு என்று அடித்துவிட்டுச் சரியான விடையைப் போட்டுக் காட்டினேன். அடுத்த நாளும் அதே மாதிரி விடை. மூன்றாம் நாள்தான் "எப்படிக் கண்டுபிடித்தாய், சொல்லு" என்று கேட்டேன். "ரெண்டுல ஏழு போகாதே அக்கா, அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சேன்" என்றாள். அவளிடம் ஒரு கணக்கு முறை இருந்திருக்கிறது! விளக்குமாற்று ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் அவள் முன்னால் வைத்தேன். ஒரு கட்டை அவளே அவிழ்த்தாள். கடன் வாங்கிக் கழித்தல் என்றால் என்ன என்பது எனக்கும் அன்றுதான் விளங்கியது.

கோலத்தைச் சாதாரணமாக நினைக்காதே. நடுவில் ஏழு புள்ளி, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து ஒன்று வரை இடுக்குப்புள்ளி (இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளி) வை. மொத்தம் எத்தனை என்று கேள். பிள்ளைகள் முதலில் விரல் வைத்து எண்ணுவார்கள்: 49. பிறகு ஏழுக்கு ஏழு நேர்ப்புள்ளி (ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று) வைக்கச் சொல். அதுவும் 49. ஏன் என்று ஒரு பையன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சதுரத்தைத் திருப்பி வச்சிருக்கீங்க அக்கா" என்றான். அந்த மாலையை நான் மறக்க மாட்டேன்.

ஒரு குறிப்பேடு வாங்கு. தம்பி செய்யும் ஒவ்வொரு தவற்றையும் அவன் சொன்ன காரணத்தோடு எழுதி வை. இப்போது பி.எட். இரண்டாம் ஆண்டில், கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும்போது என் பையில் முதலில் வைப்பது நான் அப்படி எழுதிய குறிப்பேட்டைத்தான்.

நடுநிலைப்பள்ளி ஆசிரியர், விருதுநகர்

மேலே சகோதரி சொன்னது முழுக்க உண்மை. அப்பா சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம் அம்மா. டெட் தேர்வின் 150 மதிப்பெண்களில் 30 குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தல் முறைக்கும் உரியவை. ஆனால் அதற்கான பயிற்சியைப் பி.எட். படிக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

நான் சொல்ல வருவது வேறு. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்டுங்கள், தேர்வு எழுதிக் கொடுங்கள். கல்லூரி நாட்களில் நான் இதைச் செய்தேன். ஒரு முக்கோணப் படத்தைச் சொல்லால் மட்டும் விளக்க வேண்டியிருந்தது. "இங்கே", "இது" என்ற சொற்கள் அங்கே செல்லாது. "அடிக்கோட்டின் இடது முனையிலிருந்து" என்று தொடங்கப் பழகினேன். கரும்பலகைக்கு முதுகு காட்டிப் பேச எனக்குக் கைகொடுத்தது அதுதான். எழுதுபவரின் படிப்பு பற்றிய விதி தேர்வுக்குத் தேர்வு மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருந்தால் சேருங்கள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டு, அதோடு ஓர் ஊரில் ஏழு நாள் முகாம். முகாம் ஊரில் மாலை வகுப்பை நான் எடுக்கிறேன் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள்.

கணித மாணவி, திண்டுக்கல்

நன்றி அக்கா, நன்றி ஐயா. நேற்று தம்பியிடம் கேட்டேன். மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரிது என்கிறான், நான்கு பெரிய எண்ணாம். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரே அளவில் இரண்டு தோசை சுட்டு, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் அவனையே வெட்டச் சொல்லப் போகிறேன்.