டிஎக்ஸ் வேகன் மெனிஃபோல்ட் திரும்பவும் வெடிச்சிட்டு, ஒட்டுறதா மாத்துறதா?

உவர்மலை வேகன்:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது 84 மொடல் டொயோட்டா டிஎக்ஸ் வேகன், 5கே இஞ்சின், அப்பா ஓடின வாகனம் அதால விக்கிற எண்ணம் இல்ல. எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட்ல, அதான் இஞ்சின் புகையைச் சேத்து சைலன்சர் பைப்புக்கு விடுற இரும்புத் துண்டில, நடு ரெண்டு சிலிண்டர் குழாயும் சேர்ற இடத்தில வெடிப்பு. காலமை ஸ்டாட் பண்ணின உடன டிக் டிக் எண்டு சத்தம், ஓடி சூடேறினாப்பிறகு குறையுது. போன வருசம் இதே இடத்தை ஒருத்தர் வெல்டிங் பண்ணித் தந்தவர், நாலு மாசம்தான் நிண்டது, வெல்டிங் விடேல்ல, அதுக்குப் பக்கத்துல இரும்பு புதுசா வெடிச்சிருக்கு. தினமும் கந்தளாய்க்கு வேலைக்குப் போய் வாறன், போக வர 80 கிலோமீற்றர் கிட்ட வரும். இப்ப ஒருத்தர் கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பெயார் பாட்ஸ் கடையள்ல பழைய மெனிஃபோல்ட் எடுத்துப் போடச் சொல்றார், இன்னொருத்தர் அதுக்குப் பதிலா ஸ்டெயின்லெஸ் குழாயில ஹெடர் அடிக்கச் சொல்றார். என்ன செய்யலாம்? ஏசி இல்ல, மழைக்கு யன்னலைப் பூட்டினா உள்ளுக்குப் புகை மணம் வருது, பின்சீற்ல பிள்ளையும் இருக்கிறவ.

சீனக்குடா லேத்:
தம்பி, முதல்ல கடைசி வரிக்கு வாறன். புகை மணம் வருதெண்டா அதோட சேர்ந்து காபன் மொனொக்சைட்டும் வருது, அதுக்கு மணமுமில்ல நிறமுமில்ல, தலையிடி, நித்திரைத் தூக்கம் எண்டுதான் தெரியும். பொனட்டுக்குள்ள கசியிறது கண்ணாடிக்கு முன்னால இருக்கிற காத்து வழியால நேர உள்ளுக்கு வரும். சரிபண்ணும் வரைக்கும் பிள்ளையை அதில ஏத்தாதேங்கோ, பஸ்ஸில போங்கோ.

வெல்டிங் ஏன் நிக்கல எண்டா அது வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் ரொட்டால அடிச்சா ஒட்டின மாதிரித்தான் இருக்கும், ஆனா ஆறேக்க பக்கத்தில இருக்கிற இரும்பு கண்ணாடி மாதிரி இறுகிப் போகும், அடுத்த சூட்டுக்கு அங்கதான் வெடிக்கும், உங்களுக்கு நடந்ததும் அதுதான். முறையாச் செய்யிறதெண்டா வெடிப்பு முடியிற ரெண்டு நுனியிலயும் சின்ன ஓட்டை போட்டு நிப்பாட்டி, பழைய வெல்டிங்கை முழுக்க அரைச்செடுத்து வெடிப்பு வழிய வி எழுத்து மாதிரிப் பள்ளம் வெட்டி, மெனிஃபோல்டை முழுசா சூடாக்கி, நிக்கல் ரொட்டால ஒரு இஞ்சி ஒரு இஞ்சியா அடிக்கவேணும், ஒவ்வொரு அடிக்கும் சுத்தியலால மெல்லத் தட்டவேணும். முடிஞ்சதும் காய்ஞ்ச மணலுக்கையோ சாம்பலுக்கையோ தாட்டு விட்டு அடுத்தநாள்தான் எடுக்கவேணும். தண்ணி ஊத்தி ஆத்தினா எல்லாம் வீண். பித்தளை ஒட்டும் வேண்டாம், அந்தச் சூட்டுக்கு நிக்காது.

ஆனா அதே துண்டு ரெண்டாந்தரமும் வெடிச்சிருக்கெண்டா எனக்கு நம்பிக்கை குறைவு, நல்ல பழசு ஒண்டு கிடைச்சா அதுதான் சரி. எதைப் போட்டாலும் ஏன் வெடிச்சதெண்டு பாருங்கோ. சைலன்சர் பைப்பை கியர்பொக்ஸ் பக்கம் பிடிக்கிற கிளாம்ப் இருக்கா? அது இல்லாட்டி முழுப் பாரமும் மெனிஃபோல்ட்லதான் தொங்கும். இஞ்சின் மவுண்ட் இறப்பரையும் பாருங்கோ.

கிண்ணியா நானா:
ஹெடர் பத்தி நான் சொல்றன், நான் போட்டவன். முதல்ல போட்டது சாதாரண இரும்புக் குழாயில, சூடு வெளிய வராம இருக்கட்டும் எண்டு சூடு தாங்குற துணியும் சுத்தினன். எங்கட கடல் காத்துக்கு அந்தத் துணி ஈரத்தைப் பிடிச்சு வச்சு உள்ளுக்குள்ளேயே குழாயைத் துரு தின்டுட்டு, கழட்டக்குள்ள கையோட வந்தது. பிறகு 304 ஸ்டெயின்லெஸ், ஆகன் வெல்டிங், இஞ்சின் ஹெட்டோட பூட்டுற தட்டு 10 மில்லிமீற்றர், அது இன்னும் நல்லா இருக்கு. இஞ்சின் கொஞ்சம் லேசா இழுக்கும் உண்மைதான், ஆனா 5கேயில கார்ப்பரேட்டரும் எக்ஸோஸ்டும் ஒரே பக்கம், கார்ப்பரேட்டருக்கு நேர கீழதான் குழாய் போகுது. நடுவுல தகடு ஒண்டு அடிக்காட்டி மத்தியான வெயிலுக்கு நிப்பாட்டிட்டு திரும்ப ஸ்டாட் பண்ண ஏலாது, பெற்றோல் ஆவியாயிடும். வேலைக்கு ஓடுற வாகனத்துக்கு நான் எண்டா வார்ப்பிரும்பைத்தான் போடுவன்.

உவர்மலை வேகன்:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. இண்டைக்கு கீழ படுத்துப் பாத்தன், அண்ணை சொன்ன கிளாம்ப் இல்லவே இல்ல, போல்ட் ஓட்டை மட்டும்தான் இருக்கு. எப்ப கழண்டதோ தெரியாது. பழைய மெனிஃபோல்ட் ஒண்டுக்குச் சொல்லியிருக்கிறன். மெனிஃபோல்டை இஞ்சின் ஹெட்டில பிடிக்கிற ஒரு ஸ்டட்டும் (தலையில்லாத போல்ட்) ஹெட்டோட மட்டமா முறிஞ்சு நிக்குது, அதை என்ன செய்யிறது?

சீனக்குடா லேத்:
அவசரப்பட்டு துளைக்காதேங்கோ, ஹெட் பழுதாப் போகும். ரெண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவிட்டு, முறிஞ்ச துண்டுக்கு மேல ஒரு நட்டை வச்சு உள்ளால வெல்டிங் அடிச்சா அந்தச் சூட்டுக்கே பிடி விடும், சிவப்பு போனாப்பிறகு மெல்ல முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிக் கழட்டலாம்.

பழைய மெனிஃபோல்ட் வந்தா அப்பிடியே பூட்டாதேங்கோ. கார்ப்பரேட்டர் பக்க இன்டேக் மெனிஃபோல்டும் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டும் ஹெட்டுக்கு நடுவில ஒரே பேக்கிங்ல இருக்கிறதால ரெண்டையும் ஒண்டாப் பூட்டி லேத்துக்குக் கொண்டுபோய் ஹெட்டில படுற முகத்தை ஒரே மட்டமா சீவி எடுக்கவேணும், தனித்தனியா எடுத்தா ஒரு பக்கம் கட்டாயம் கசியும். புதுப் பேக்கிங் போட்டு நடுவில இருந்து வெளிப்பக்கமா இறுக்குங்கோ, ஒருக்கா சூடாக்கி நல்லா ஆறவிட்டு திரும்ப இறுக்குங்கோ. கிளாம்பை மறக்காதேங்கோ, அது இல்லாம கந்தளாய் ரோட்டுக்கு எடுக்க வேண்டாம்.