டோசிலிசுமாப் தொடங்கிய பிறகு ஐஎல்-6 ஏறுகிறது: மருந்து தோற்றுவிட்டதா?

கேள்வி:
நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா (பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்கும் நோய்), அதற்குக் காரணமான அக்வாபோரின்-4 ஆன்டிபாடி பாசிட்டிவ். ஆறு மாதமாக டோசிலிசுமாப் (ஐஎல்-6 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து), கிலோவுக்கு 8 மி.கி., நாலு வாரத்துக்கு ஒருமுறை. புதுத் தாக்குதல் எதுவும் இல்லை. ஆனால் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரில்) ஐஎல்-6 அளவு மருந்துக்கு முன் மில்லிக்கு 5 பிகோகிராம், இப்போது 60. மருந்தை மாற்ற வேண்டுமா?

பதில் 1:
மாற்ற வேண்டாம். இந்த மருந்து ஐஎல்-6ஐப் பிடிப்பதில்லை, அது போய் ஒட்டும் ஏற்பியை (செல்லில் சமிக்ஞையை வாங்கும் புரதத்தை) அடைக்கிறது. ஐஎல்-6 உடலிலிருந்து கழிவதே பெரும்பாலும் அந்த ஏற்பி வழியாகத்தான். வழி அடைபட்டதும் ரத்தத்தில் தேங்குகிறது, எண் ஏறுகிறது. இதே நோய்க்கான இன்னொரு மருந்தான சாட்ராலிசுமாபும் ஏற்பியைத்தான் அடைக்கிறது. அதிலும் இப்படி ஏறும்.

ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மாபிளாஸ்ட் செல்களை ஐஎல்-6 சாகவிடாமல் காக்கிறது, ரத்த-மூளைத் தடுப்பையும் தளர்த்துகிறது. ஏற்பி அடைபட்டிருக்கும்வரை, தேங்கிய ஐஎல்-6 இந்த வேலையைச் செய்ய முடியாது. தாக்குதல் வராமல் இருப்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய அளவுகோல்.

பதில் 2:
இதைவிட ஆபத்தான எண் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்). கல்லீரல் அதைச் சுரப்பதே ஐஎல்-6 கட்டளையில்தான். மருந்து ஓடும்போது நிமோனியா வந்தாலும் சிஆர்பி நார்மலாகவே காட்டலாம், காய்ச்சலும் மட்டுப்படலாம். தண்டுவடம் பாதித்து மூத்திரக் குழாய் போட்டவர்களிடம் இதை நம்பி இருக்கவே கூடாது. லேசான சந்தேகம் வந்தாலே யூரின் கல்ச்சர் அனுப்புங்கள். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முன் நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு), ஏஎல்டி (கல்லீரல் என்சைம்) பாருங்கள். நியூட்ரோஃபில் மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனாலோ, ஏஎல்டி மேல்வரம்பின் 5 மடங்கைத் தாண்டினாலோ நிறுத்த வேண்டும். டிபி, ஹெபடைட்டிஸ் பி சோதனை தொடங்கும்முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் தண்டுவட நீரில் ஐஎல்-6 பார்ப்பது?

பதில் 3:
தாக்குதலின்போது, ஸ்டீராய்டுக்கு முன் எடுத்தால் பயன் உண்டு. ஆனால் மூளைக்காய்ச்சலிலும் அது ஏறும், தனியாக வைத்து நோயை முடிவு செய்யாதீர்கள். பாலிப்ரோப்பிலீன் குழாயில் வாங்கி, சுழற்றி, செல்லைப் பிரித்து, அரை மில்லியாகப் பங்கிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் அளவை நம்ப முடியாது. ரத்த மாதிரியைப் பிரிக்காமல் மேசையில் விட்டால், குழாய்க்குள்ளேயே செல்கள் ஐஎல்-6 விடும்; பொய்யாக உயரும்.

அக்வாபோரின் ஆன்டிபாடி பார்க்க மட்டும் தண்டுவட நீர் வேண்டாம், சீரம் போதும். செல் அடிப்படையிலான சோதனையாகக் (அக்வாபோரின் உள்ள செல்களில் ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்ப்பது) கேளுங்கள். பிளாஸ்மா மாற்றம் (ஆன்டிபாடி உள்ள ரத்த நீரை அகற்றி மாற்றும் சிகிச்சை) தொடங்கும்முன் ரத்தம் எடுத்துவிடுங்கள், பிறகு எடுத்தால் நெகட்டிவ் வரலாம்.