பாசையூர் – கொட்டாஞ்சேனை குடும்பம்

ரீட்டா அன்ரி, காலை 6:12
எல்லாரும் எழும்பிட்டீங்களா? நீர்கொழும்பில இருந்து ஒரு வொய்ஸ் வந்திருக்கு. சர்வதேசக் கடலில ரெண்டு போட்டைப் பிடிச்சிட்டாங்களாம். அன்ரன் போன போட்டும் அந்தப் பக்கம்தானே

ரீட்டா அன்ரி, 6:12
🔊 பலமுறை ஃபோர்வர்ட் செய்யப்பட்டது

நிரோஷா, 6:15
அம்மா எந்த போட் எண்டு சொல்லுதா?

ரீட்டா அன்ரி, 6:15
இல்ல. "எங்கட பெடியள்" எண்டுதான். கடைசியில ஒரு நம்பர். பிணைக்குக் காசு போடட்டாம்

மேரி பெரியம்மா, 6:17
அந்தோனியாரே காப்பாத்தும். எவ்வளவாம்? என்ர காப்பு ஒரு சோடி இருக்கு

அல்போன்ஸ் மாமா, 6:24
ஒருத்தரும் ஒரு சதமும் போட வேண்டாம். ரீட்டா, அழாம இதை வாசி. அந்த வொய்ஸை வேற ஆருக்கும் அனுப்பாதே. கரையில இருந்து 12 கடல் மைல் வரைக்கும் அந்தந்த நாட்டின்ர ஆட்புலக் கடல். 200 வரைக்கும் பொருளாதார வலயம், அதுக்குள்ள மீன் அந்த நாட்டுக்குத்தான். அதுக்கு அங்காலதான் சர்வதேசக் கடல். அங்க மீன் பிடிக்க எல்லா நாட்டுக்கும் உரிமை இருக்கு. அங்க நிக்கிற மீன்பிடி போட்டில அது ஏத்தின கொடியின்ர நாட்டுக்கு மட்டும்தான் அதிகாரம். எங்கட போட்டுக்கு இலங்கை. மீன் பிடிச்சாய் எண்டு சொல்லி வேற நாட்டுக் காவல் கப்பல் அங்க வந்து கட்டி இழுத்துக்கொண்டு போக ஏலாது. அப்ப ஒண்டில் பிடிக்கேல்ல, இல்லாட்டி ஆற்றையோ 200க்குள்ள வைச்சுப் பிடிச்சிருக்கினம். வொய்ஸ்காரனுக்கு இது ரெண்டும் தெரியாது.

டிலான், 6:26
200 எண்டா எத்தனை கிலோமீற்றர்

அல்போன்ஸ் மாமா, 6:26
370

நிரோஷா, 6:28
மாமா அவன் கோடு தாண்டுற ஆள் இல்ல

மேரி பெரியம்மா, 6:29
கடலில கோடு தெரியுமா பிள்ளை

அல்போன்ஸ் மாமா, 6:35
அக்கா சொல்லுறது சரி. அன்ரனே எனக்குச் சொன்னவன். லோங் லைன் கயிறு பல கிலோமீற்றர் நீளம். தூண்டிலுக்கு இரை குத்தி விட்டிட்டு, டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிப்பாட்டிட்டுப் படுப்பினம். நீரோட்டம் போட்டையும் கயிறையும் சேர்த்து இழுக்கும். எழும்பி ஸ்கிறீனைப் பார்த்தா கோட்டுக்கு அங்கால நிப்பினம். வேணுமெண்டு களவா போறவையும் இருக்கினம், அதை நான் மறைக்கேல்ல.

ரீட்டா அன்ரி, 6:36
பிடிச்சா ஜெயிலா அண்ணா

அல்போன்ஸ் மாமா, 6:43
1982 ஐ.நா. கடல் சட்டம், பிரிவு 73. பொருளாதார வலயத்துக்குள்ள மீன் பிடிச்ச குற்றத்துக்கு, ரெண்டு நாட்டுக்கும் இடையில வேற உடன்பாடு இல்லாட்டி, ஜெயிலில போடக் கூடாது. தண்டப்பணம் வரும். நியாயமான பிணை கட்டினா போட்டையும் ஆக்களையும் கெதியா விட வேணும். விடாட்டி எங்கட அரசாங்கம் ஹம்பேர்க்கில இருக்கிற கடல் சட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். இன்னொண்டு, பிடிச்ச நாடு கொடி நாட்டுக்கு உடனே அறிவிக்க வேணும். அப்ப செய்தி முதல்ல வர வேண்டிய இடம் எங்கட அரசாங்கம், வட்ஸ்அப் இல்லை. பிணையும் அரசாங்கம், போட் முதலாளி வழியாத்தான் போகும். ஃபோன் நம்பருக்குப் போகாது.

ஜூட், 6:44
டிக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்துக்குப் போறன். முதலாளி அங்கதான் நிப்பார்

நிரோஷா, 6:44
தாங்ஸ் அண்ணா 🙏

டிலான், 6:47
அப்ப நேவி இந்திய ஆக்களைப் பிடிச்சு உள்ள போடுறாங்களே, அது பிழையா?

நிரோஷா, 6:47
டிலான் இப்ப இது தேவையா

அல்போன்ஸ் மாமா, 6:55
கேக்கட்டும். பாக்கு நீரிணையில 200 மைலுக்கு இடமே இல்லை. 1974இல நடுவால கோடு கீறி, கச்சதீவு எங்கட பக்கம் வந்தது. 1976இல மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் கோடு. ஒருத்தற்ற கடலில மற்றவை பிடிக்கிறேல்ல எண்டு அந்த வருஷம் கடிதமும் மாத்தினவை. பாக்கு நீரிணையில சர்வதேசக் கடல் எண்டு ஒரு துண்டும் இல்லை. பிரிவு 73 பொருளாதார வலயத்துக்குத்தான், கரைக்குக் கிட்டப் பிடிபட்டா அது காப்பாத்தாது. இந்தச் சட்டம் எழுதின மாநாட்டுக்கு முதல் தலைவரே இலங்கையர், ஷேர்லி அமரசிங்க. 1980இல செத்திட்டார், முடிவைப் பார்க்கேல்ல.

மேரி பெரியம்மா, 6:58
சட்டம் கிடக்கட்டும். இழுவைமடி வந்து அப்புவின்ர வலையை அள்ளிக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கு. அந்தக் கடன் என்ர கலியாணம் மட்டும் இழுத்தது

டிலான், 6:59
அங்கால இருந்து வாறவனும் கூலிக்குத்தானே பெரியம்மா வாறான்

மேரி பெரியம்மா, 7:00
வரட்டும். அடி மண்ணையே வாரிற மடியோட ஏன் வாறான். 2017இல எங்கட ஆக்களுக்கே தடை போட்டாச்சு

ரீட்டா அன்ரி, 7:02
அன்ரன் கொழும்புக் கோட்டையில அந்தக் கப்பல் கொம்பனி வேலையில இருந்திருந்தா இண்டைக்கு இந்த நெஞ்சிடி இல்ல

அல்போன்ஸ் மாமா, 7:04
அந்த வேலையை எடுத்துக் குடுத்தது நான்

நிரோஷா, 7:04
மாமா ப்ளீஸ்

அல்போன்ஸ் மாமா, 7:05
சரி. ஜூட், முதலாளியிட்ட மூண்டு விஷயம் கேள். சர்வதேசக் கடலுக்கான லைசன்ஸ் இருக்கா, போட் நிக்கிற இடத்தை சற்றலைற்றால காட்டுற வி.எம்.எஸ் பெட்டி வேலை செய்யுதா, கடைசியா எந்த இடம். 2015இல ஐரோப்பா எங்கட மீனைத் தடை செய்ததே நடுக்கடலில நிக்கிற போட்டை இந்த நாடு ஒழுங்காக் கண்காணிக்கேல்ல எண்டுதான். 2016இல எடுத்தவை. அந்தப் பெட்டியை முதலாளிமார் திட்டுவினம், ஆனா போட் கோட்டைத் தாண்டேல்ல எண்டதுக்கு அதுதான் சாட்சி.

ஜூட், 7:51
முதலாளி நிக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு ரேடியோவில கதைச்சவராம். பெட்டி சிக்னல் இருக்கு. எங்கட 200க்கு வெளியால, மாலைதீவு 200க்கும் வெளியால. லைசன்ஸ் பார்த்தன், திகதி இருக்கு

ரீட்டா அன்ரி, 7:51
இயேசுவே 🙏🙏🙏

நிரோஷா, 7:52
அவன் கதைச்சவனா? ஸ்கிப்பரா?

ஜூட், 7:53
ஸ்கிப்பர். அன்ரன் படுத்திருந்தவனாம்

அல்போன்ஸ் மாமா, 7:54
ஒன்பது மணிக்குக் கதைச்சது ஒன்பது மணிக்குத்தான். இப்ப எங்க நிக்குது எண்டு கேள். ஒரு படமும் எடு

மேரி பெரியம்மா, 7:56
ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு வருவானா? அவன்தானே ஞானத்தகப்பன்

ஜூட், 7:57
கெலவல்லா மீன் இப்பதான் படத் தொடங்கியிருக்காம். ஐஸ் இருக்கிற மட்டும் திரும்ப மாட்டாங்களாம்

நிரோஷா, 7:58
அப்ப ஹோல்காரருக்கு நான் என்ன சொல்ல

மேரி பெரியம்மா, 7:59
அவனுக்குப் பதிலா அல்போன்ஸ் நிக்கலாம். ஃபாதரைக் கேளுங்கோ

ரீட்டா அன்ரி, 8:03
அவன் வரட்டும்

நிரோஷா, 8:03
அம்மா அட்வான்ஸ் குடுத்தாச்சு

அல்போன்ஸ் மாமா, 8:06
ஜூட், படம்?

ஜூட், 8:10
பெட்டி படம் எடுக்க விடுறார் இல்ல மாமா. நீங்க கோல் எடுத்துக் கதைங்கோ

ரீட்டா அன்ரி, 8:12
பின்னேரம் சொல்லுறன் நிரோ. மீன் கட்லட் ஓடரை நிப்பாட்டாதே